இருட்டு வேண்டும், சேறு வேண்டாம்

வட்டிக் கணக்குப் போடுகிறவனுக்கு கிடாரைப் பற்றி என்ன கருத்து வேண்டிக்கிடக்கிறது என்று கேட்பீர்கள். வீட்டம்மாவும் அதையேதான் கேட்டார். ஒன்பதாயிரம் ரூபாயைத் தண்ணீரில் போட்டவனுக்குக் கருத்துச் சொல்ல உரிமை உண்டு என்பது என் கட்சி :-)

புனேக்கு மாற்றலாகி வந்தபின் என் மகள் பிடித்துக்கொண்டது எலெக்ட்ரிக் கிடார். இப்போது பிளஸ் டூ. இரண்டு ஹம்பக்கர் பிக்கப் உள்ள சாதாரண கிடார்தான். வெஸ் மாண்ட்கோமரி (1968-இல் மறைந்த அமெரிக்க ஜாஸ் கலைஞர்) வாசிப்பைக் கேட்டுவிட்டு, "நெக் பிக்கப் இன்னும் கொஞ்சம் இருட்டா கேக்கணும்ப்பா" என்றாள்.

நான் என்ன செய்தேன்? கடன் மனு பரிசீலிக்கிற மாதிரி எண்களைப் பார்த்தேன். பிக்கப் விளம்பரங்களில் கிலோ ஓம் என்று ஒரு எண் போடுவார்கள். அதிக எண், அதிக இருட்டு என்று முடிவுகட்டி, 16 கிலோ ஓம் பிக்கப் ஒன்றை வாங்கி மாட்டிக் கொடுத்தேன். "சூப்பர்ப்பா" என்றாள். அடுத்த மூன்று வாரம் கிடார் உறையை விட்டு வெளியே வரவில்லை.

பரீட்சை நேரம் என்று நினைத்தேன். கடைசியில் கேட்டபோதுதான் சொன்னாள்: "கார்ட் வாசிச்சா எல்லா நோட்டும் ஒண்ணா கொழகொழன்னு ஆயிடுதுப்பா. நீங்க காசு போட்டு வாங்கினது, எப்படிச் சொல்றதுன்னு தெரியல."

காசு போனதைவிட இது உறைத்தது. அதன்பிறகுதான் உட்கார்ந்து படித்தேன்.

விஷயம் இதுதான். கழுத்துப் பக்கம் கம்பி அகலமாக ஆடுகிறது. பிரிட்ஜ் அருகே ஆட்டம் குறைவு, அங்கே மேல் ஸ்வரக்கூறுகள் தூக்கலாகக் கேட்கும். ஆகவே நெக் பிக்கப் பிறவியிலேயே இருட்டு. அதன் காயிலில் சுற்றுகளைக் கூட்டினால் சத்தமும் கூடும், கூர்மையும் மழுங்கும். ஏற்கெனவே இருட்டான இடத்தில் இதையும் செய்தால் கிடைப்பது சேறு.

அந்த ஓம் எண்ணோ சுற்றுகளை மட்டும் சொல்வதில்லை. மெல்லிய கம்பியால் சுற்றினாலும் ஓம் ஏறும். சம்பளச் சீட்டை மட்டும் பார்த்துக் கடன் கொடுப்பது மாதிரி. வருமானம் தெரியும், ஆள் தெரியாது. (இருபது வருஷமாக ஜூனியர்களுக்கு நான் சொல்லிக்கொடுக்கிற பாடம் இது!)

என் கருத்து: முதலில் பர்ஸைத் திறக்காதீர்கள். டோன் குமிழைத் திருகுங்கள். பலர் அதைப் பத்திலேயே வைத்திருக்கிறார்கள்; ஐந்துக்கு இறக்கிப் பாருங்கள். பிறகு ஸ்க்ரூ டிரைவர் எடுத்து, பிக்கப்பில் தடித்த கம்பிகள் இருக்கும் பக்கத்தைக் கொஞ்சம் தாழ்த்துங்கள், கொழகொழப்பு குறையும். பிறகு கம்பி. தட்டையாகச் சுற்றிய ஃப்ளாட்வவுண்ட் கம்பிகள் மாட்டினாலே பாதி வேலை முடிந்தது. மாண்ட்கோமரி வாசித்ததும் அந்த மாதிரிக் கம்பிகளில்தான், பிளெக்ட்ரம் இல்லாமல் கட்டைவிரலால்.

அப்படியும் போதவில்லையா? ஹம்பக்கர் கிடார்களில் பெரும்பாலும் 500 கிலோ ஓம் வால்யூம் கன்ட்ரோல் இருக்கும். அதை 250 ஆக மாற்றினால் மேல் ஸ்தாயி அடங்கும். பிக்கப் விலையோடு பார்த்தால் இது சில்லறைச் செலவு.

எல்லாம் செய்தபின்னும் புதுசுதான் வேண்டும் என்றால், ஏழெட்டு கிலோ ஓம் அளவில், அல்நிகோ 2 காந்தம் உள்ளதாகப் பாருங்கள். அல்நிகோ 5-ஐவிட இதன் இழுப்பு குறைவு, மேல் ஸ்தாயி மிருதுவாக வரும். பெயரைப் பார்த்து ஏமாறாதீர்கள். செய்மோர் டங்கனில் ‘ஜாஸ்’ என்றே ஒரு மாடல் உண்டு. அது இருட்டே அல்ல, பளிச்சென்று தெளிவாகப் பேசுகிற ரகம்.

இன்னொன்று. ஊரை விட்டு வந்த நம்மில் பலருக்குப் பிள்ளைகளின் ஆசை புரியாவிட்டால் காசைக் கொடுத்துக் கடமையை முடித்துக்கொள்ளும் பழக்கம் இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பத்து நிமிஷம் கேட்டிருந்தால் என் ஒன்பதாயிரம் மிஞ்சியிருக்கும். பிள்ளை என்னிடம் பொய் சொல்ல வேண்டியும் வந்திருக்காது.

பழைய பிக்கப்பையே திரும்ப மாட்டினோம். ஃப்ளாட்வவுண்ட் கம்பி, டோன் ஐந்தில், கட்டைவிரல். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு வாசிக்கிறாள். வீட்டம்மாகூட டிவி சத்தத்தைக் குறைக்கிறார்.

அந்தப் புதுப் பிக்கப் அலமாரியில் இருக்கிறது, வாராக்கடனாக. யாருக்காவது பிரிட்ஜ் பக்கம் மாட்ட வேண்டுமென்றால் சொல்லுங்கள் :-)