வளாக உரிமத்தைப் புதுப்பிக்க மறுக்கும் முடிவை மீட்டுக்கொள்ளக் கோரும் மனு

டிசம்பர் 2022

பெறுநர்: உரிமப் பிரிவுத் தலைவர் அவர்கள், ஊராட்சி மன்றம்
அனுப்புநர்: செயலாளர், நம்பர் கடை முகவர்கள் மற்றும் ஊழியர்கள் சங்கம், கூலிம் ஹைடெக் பூங்கா வட்டாரம்

மதிப்பிற்குரிய ஐயா,

கூலிம் வட்டாரத்தில் நான்கு இலக்கக் குலுக்கல் கடைகளை முறையான உரிமத்துடன் நடத்துவோரும், அவற்றின் கவுண்டர்களில் வேலை செய்வோரும் எங்கள் உறுப்பினர்கள்.

சூதாட்ட வளாகங்களுக்கு இனி உரிமம் புதுப்பிக்கப்படாது என்று கெடா மாநில அரசு 2021 நவம்பரில் அறிவித்தது. அடுத்த சில வாரங்களிலேயே எங்கள் முதல் கடிதம் தங்களுக்கு வந்தது. அதில் முதன்மையாகக் கேட்டது ஒன்றுதான்: எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவின்படி? 'கடிதம் கிடைத்தது' என்று ஒரு சீட்டு வந்தது. நோன்புப் பெருநாளுக்கு முன் அதே கேள்வியோடு ஊழியர்களின் பெயர்ப் பட்டியலையும் சேர்த்து அனுப்பினோம். மறுபடியும் சீட்டு. தீபாவளி கழிந்து நேரில் கொண்டுவந்து கொடுத்தபோது, மேலிடத்துக்கு அனுப்பிவிட்டதாகச் சொன்னார்கள். எந்த மேலிடம் என்று கேட்டதற்கு, எழுதிக் கேளுங்கள் என்றார்கள். இதோ எழுதுகிறோம். பழைய கடிதங்களில் உள்ளதையே திரும்பப் படிப்பதாகத் தங்களுக்குத் தோன்றினால் எங்களுக்கு மகிழ்ச்சியே. அவற்றை யாரோ படித்திருக்கிறார்கள் என்றாகும். எங்கள் கோரிக்கைகள் இவை:

1. 2023 ஜனவரி 1 முதல் உரிமம் இல்லை என்ற முடிவை நிறுத்திவைத்து, ஒவ்வொரு கடையின் விண்ணப்பத்தையும் தனித்தனியே பரிசீலிக்க வேண்டும்.

பந்தயமும் லாட்டரியும் கூட்டரசு அரசியலமைப்பின் ஒன்பதாம் அட்டவணையில் கூட்டரசுப் பட்டியலில் உள்ளவை. குலுக்கல் நிறுவனங்கள் 1967-ஆம் ஆண்டுப் பந்தயச் சட்டத்தின் கீழ் நிதி அமைச்சின் உரிமம் பெற்று நடப்பவை. வரியும் கூட்டரசுக்கே போகிறது. ஊராட்சி மன்றம் தருவது வளாக உரிமம். எங்கள் கவுண்டர் கண்ணாடிக்குப் பின்னால் சட்டகமிட்டு மாட்டியிருக்கும் அந்த உரிமத் தாளைத் தங்கள் அதிகாரிகள் ஆண்டுதோறும் வந்து பார்த்திருக்கிறார்கள். பெயர்ப்பலகையின் அளவு, தீயணைப்புக் கருவி, கடை முகப்பின் சுத்தம் ஆகியவைதான் அதிலுள்ள நிபந்தனைகள். இவற்றில் எதை மீறினோம் என்று யாரும் சொல்லவில்லை. நாட்டில் குலுக்கல் நடக்கலாமா என்ற கேள்விக்கு இந்தத் தாளில் இடமே இல்லை.

1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின் 107-ஆவது பிரிவைத் தாங்கள் காட்டுவீர்கள் என்பது தெரியும். காரணம் கூறாமலே உரிமத்தை மறுக்கலாம், இரத்துச் செய்தால் இழப்பீடும் இல்லை என்கிறது அது. ஆனால் காரணத்தைச் சொல்ல வேண்டியதில்லை என்பது வேறு, காரணமே இருக்க வேண்டியதில்லை என்பது வேறு. 1979-இல் ஸ்ரீ லெம்பா நிறுவன வழக்கில், நிலத்தை மாற்றிப் பிரிக்க அனுமதி கேட்டவரிடம் நிரந்தர உரிமையைக் கொடுத்துவிட்டு 99 ஆண்டுக் குத்தகையை வாங்கிக்கொள் என்று அதிகாரிகள் நிபந்தனை விதித்தார்கள். கூட்டரசு நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. எல்லையற்ற விருப்புரிமை என்று சட்டத்தில் எதுவும் கிடையாது என்று ராஜா அஸ்லான் ஷா அவர்கள் தீர்ப்பளித்தார்கள். எந்த நோக்கத்துக்காக அதிகாரம் தரப்பட்டதோ அந்த நோக்கத்துக்கே அதைப் பயன்படுத்த வேண்டும் என்பதுதான் அத்தீர்ப்பின் சாரம். விண்ணப்பத்தைத் திறந்து பார்க்கும் முன்பே விடை எழுதப்பட்டிருந்தால், 107-ஆவது பிரிவு தங்களுக்குத் தரும் விருப்புரிமையைத் தாங்கள் பயன்படுத்தியதாகாது. வேறொருவர் முடிவுக்கு முத்திரை குத்தியதாகும். இந்த வழக்கை ஒவ்வொரு கடிதத்திலும் குறிப்பிட்டிருக்கிறோம். பதில் வரும்வரை இனியும் குறிப்பிடுவோம்.

சூதாட்டத்துக்கு வக்காலத்து வாங்க இம்மனுவை எழுதவில்லை. எங்கள் உறுப்பினர்களிலேயே ஒரு நம்பரும் எடுக்காதவர்கள் உண்டு. கடையை மூடினால் எடுப்பவர் நிறுத்திவிடுவாரா என்பதே கேள்வி. புதன், சனி, ஞாயிறு குலுக்கலுக்கு அவர் புக்கிட் மெர்தாஜம் போய்வரலாம். பினாங்கில் கடை திறந்துதான் இருக்கும். அதற்கும் சோம்பல் என்றால் கைப்பேசியில் கள்ள நம்பர் எழுதுபவன் இருக்கிறான். அவனுக்கு வளாகமும் இல்லை, உரிமமும் இல்லை, வரியும் இல்லை.

வேலை இழப்போருக்குப் பூங்காவின் ஆலைகள் இருக்கின்றன என்று வாய்மொழியாகச் சொல்லப்பட்டது. பூங்கா 1996-இல் திறந்தபோது அங்கே போயிருக்கக்கூடிய பெண்கள்தாம் இவர்கள். வேலைசெய்த தோட்டம் துண்டாடப்பட்டதால் வெளியே வந்து, கவுண்டரில் உட்கார்ந்து பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். ஐம்பதைத் தாண்டிய கண்ணுக்கும் முழங்காலுக்கும் பன்னிரண்டு மணி நேர ஷிப்டில் யார் வேலை கொடுப்பார்கள்? ஆகவே புதுப்பிக்க மறுத்தே தீர்வதென்றால், குறைந்தது ஓராண்டு அவகாசமாவது தரப்பட வேண்டும்.

2. மறுப்பு எதுவாயினும் எழுத்து மூலம், அதிகாரியின் கையொப்பத்துடன் வழங்கப்பட வேண்டும்.

3. அதே வளாகத்தில் வேறு வியாபாரம் தொடங்குவோருக்குப் பெயர்மாற்றத்தோடு புதிய உரிமம் வழங்க வேண்டும்.

4. உரிமத்துக்கான முன்பணம் இருப்பின் திருப்பித் தரப்பட வேண்டும்.

5. பெயர்ப்பலகைகளை அகற்றப் போதிய அவகாசம் தர வேண்டும்.

6. கடைவரிசைக்குப் பின்னால் உள்ள தெருவிளக்குகள் பழுதுபார்க்கப்பட வேண்டும். (இது முதல் கடிதத்திலும் உண்டு.)

முதல் கோரிக்கைக்கான பதிலை உரிமங்கள் காலாவதியாகும் டிசம்பர் 31-க்கு முன் எதிர்பார்க்கிறோம். வராவிட்டால் நீதிமன்றச் சீராய்வுக்கு விண்ணப்பிக்கச் சங்கச் செயற்குழு ஒப்புதல் அளித்துள்ளது.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: முந்தைய கடிதங்களின் நகல்கள், 'கிடைத்தது' சீட்டுகளுடன்.