இரண்டு என்ஜின் இருந்தால் போதுமா?

விமானத்துக்கு இரண்டு என்ஜின். ஒன்று நின்றாலும் மற்றொன்று காப்பாற்றிவிடும். ஆகவே இரண்டு என்ஜின் விமானத்தில் பயமே இல்லை!

பலரும் இப்படித்தான் நினைக்கிறார்கள். இது பாதி உண்மை. மீதிப் பாதி, விமானியின் அறிவில் இருக்கிறது.

2025-ம் ஆண்டில் இந்திய விமானப் படையின் ஜாகுவார் விமானங்கள் மூன்று விழுந்து நொறுங்கின. அவற்றில் இரண்டு, பயிற்சிக்கும் பயன்படும் இரட்டை இருக்கை விமானங்கள். ஏப்ரல் 2-ந் தேதி இரவு, குஜராத்தில் ஜாம்நகர் அருகே ஒன்று விழுந்தது. ஒரு விமானி உயிர் இழந்தார். மற்றவர் தப்பினார். ஜூலை 9-ந் தேதி ராஜஸ்தானில் சுரு மாவட்டத்தில் இன்னொன்று விழுந்தது. அதில் இருந்த இரண்டு விமானிகளும் இறந்தார்கள்.

ஜாகுவாருக்கு இரண்டு ஜெட் என்ஜின்கள் உண்டு. விபத்து என்றால் என்ஜின்தான் காரணம் என்று சொல்லிவிட முடியாது. விசாரணை செய்துதான் சொல்ல வேண்டும். ஆனால், இந்த விபத்துகள் ஒரு கேள்வியை எழுப்பின. ஓர் இளம் விமானி, தன் விமானத்தின் வயிற்றுக்குள் நடப்பதை எவ்வளவு தெரிந்து வைத்திருக்க வேண்டும்?

ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கத்துக் குடும்பங்களுக்கு இது தூரத்துச் செய்தி அல்ல. ஆவடியில் விமானப் படை நிலையம் இருக்கிறது. டாங்கி தொழிற்சாலை இருக்கிறது. டாங்கிக்கு என்ஜின் செய்யும் தொழிற்சாலையும் இருக்கிறது. விமானப் பொறியியல் படிக்கும் பிள்ளைகள் இந்தப் பகுதியில் ஏராளம். நாளைக்கு விமானி ஆகப்போகிறவர், இன்றைக்கு ஆவடி ரெயிலில் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருக்கலாம்.

எண்ணெய் போகும் பாதை

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் ஒரு லாரி பாதி வழியில் நின்றுவிடுகிறது. மெக்கானிக் வருகிறார். உடனே என்ஜினைப் பிரிப்பதில்லை. முதலில் டீசல் இருக்கிறதா என்று பார்ப்பார். பிறகு வடிகட்டியைப் பார்ப்பார். குழாயில் காற்று அடைத்திருக்கிறதா என்று பார்ப்பார். கடைசியில்தான் என்ஜினில் கை வைப்பார். எண்ணெய் போகும் பாதை அவருக்கு மனப்பாடம்.

ஜெட் விமானத்திலும் பாதை அப்படித்தான். ஜெட் விமானத்துக்கு ஊற்றுவது, நன்றாகச் சுத்திகரித்த மண்ணெண்ணெய் போன்ற ஓர் எண்ணெய். மணலி சுத்திகரிப்பு ஆலையிலும் இது தயாராகிறது. தொட்டியில் ஒரு பம்பு, எண்ணெயைத் தள்ளும். அவசரத்தில் மூடுவதற்கு ஒரு கதவு உண்டு. பிறகு வடிகட்டி. அப்புறம் என்ஜினோடு சேர்ந்து சுற்றும் பெரிய பம்பு. விமானி கேட்கும் வேகத்துக்குத் தக்கபடி எண்ணெயை அளந்து விடும் கருவி ஒன்று. கடைசியில், நெருப்பு எரியும் அறைக்குள் எண்ணெய் புகைபோலத் தூவப்படும்.

லாரி நின்றால் ஓரமாக நிறுத்தலாம். ஆகாயத்தில் ஓரம் ஏது? மெக்கானிக் அரை மணி நேரம் யோசிப்பதை, விமானி சில விநாடிகளில் யோசித்தாக வேண்டும்.

பாதி போனால் பாதி மிச்சமா?

ஒரு குடும்பத்தில் இரண்டு பேர் சம்பாதிக்கிறார்கள். ஆளுக்கு 20,000 ரூபாய் சம்பளம். வீட்டுச் செலவு 18,000 ரூபாய். மாதம் 22,000 ரூபாய் மிச்சம். ஒருவருக்கு வேலை போய்விட்டது. மிச்சமும் பாதியாகக் குறையுமா? இல்லை. 2,000 ரூபாய்தான் மிஞ்சும்!

விமானமும் இப்படித்தான். வெறுமனே பறந்துகொண்டிருக்கவே ஒரு பங்கு சக்தி செலவாகிறது. மிஞ்சிய சக்தியில்தான் அது மேலே ஏறும். ஒரு என்ஜின் நின்றால், ஏறும் சக்தி பாதி அல்ல, பெரும்பகுதி போய்விடும். சித்திரை வெயிலில் காற்று லேசாகிவிடும். அப்போது இருக்கிற என்ஜினும் முழு பலம் தராது. ஆகவே தரையை விட்டு எழும்பும் நேரம்தான் மிகவும் ஆபத்தான நேரம்.

ஜாகுவாரின் என்ஜினுக்குப் பலம் போதாது என்ற குறை நெடுநாளாக உண்டு. வேறு என்ஜின் பொருத்தத் திட்டம் போட்டார்கள். செலவு மிக அதிகம் என்று 2019-ல் அதைக் கைவிட்டார்கள். என்ஜினை மாற்ற முடியாதபோது, விமானியின் அறிவுதான் கூடுதல் பலம்.

இடது தொட்டி, வலது தொட்டி

இரண்டு என்ஜின் பயிற்சி விமானத்துக்கு நல்ல உதாரணம், அமெரிக்காவின் டி-38. 1961 முதல் அங்கே இளம் விமானிகள் இதில் பழகி வருகிறார்கள். இதன் இடது என்ஜினுக்கு எண்ணெய், உடலின் முன்பக்கத் தொட்டிகளில் இருந்து வரும். வலது என்ஜினுக்குப் பின்பக்கத் தொட்டிகளில் இருந்து வரும். ஒரு பக்கம் அதிகமாகக் குறைந்தால் விமானத்தின் சமநிலை கெடும். அதைச் சரி செய்ய, ஒரு பக்கத்து எண்ணெயை மறுபக்கத்து என்ஜினுக்கும் கொடுக்கும் குறுக்கு வழி ஒன்று உண்டு.

இன்னொரு விஷயம். என்ஜின் தான் மட்டும் சுற்றுவதில்லை. பம்புகளையும், மின்சாரம் தரும் டைனமோவையும் சேர்த்துச் சுற்றுகிறது. டி-38 விமானத்தில், சக்கரத்தை இறக்க உதவும் பம்பு இடது என்ஜினோடு சேர்ந்தது. இடது என்ஜின் நின்றால், சக்கரத்தை மாற்று வழியில் இறக்க வேண்டியிருக்கும். எந்த என்ஜின் போனால், அதோடு வேறு எது எது போகும்? இதை முன்கூட்டியே தெரிந்தவன்தான் பதறாமல் இருப்பான்.

குறுக்கு வழி தந்த பாடம்

2001-ம் ஆண்டு ஆகஸ்டு 24-ந் தேதி. கனடாவில் இருந்து போர்ச்சுக்கலுக்கு ஒரு பெரிய விமானம் அட்லாண்டிக் கடலைத் தாண்டிக்கொண்டிருந்தது. அதில் 306 பேர். வலது என்ஜினில் எண்ணெய்க் குழாய் ஒன்று உராய்ந்து உடைந்து, எண்ணெய் ஒழுகியது. அது ஒழுகல் என்று விமானிகளுக்குத் தெரியவில்லை. இரண்டு பக்கமும் அளவு சமமாக இல்லையே என்று குறுக்கு வழியைத் திறந்தார்கள். விளைவு? இடது பக்கத்து நல்ல எண்ணெயும் ஓட்டை வழியே கடலுக்குப் போயிற்று!

முதலில் வலது என்ஜின் நின்றது. பிறகு இடது என்ஜினும் நின்றது. என்ஜின் இல்லாமலே சுமார் 19 நிமிஷம் விமானத்தை மிதக்கவிட்டு, ஒரு தீவில் இறக்கினார்கள். 306 பேரும் உயிர் தப்பினார்கள்.

விமானம் ஓட்டும் கைத்திறமையில் குறை இல்லை. சமமின்மைக்கு மருந்து குறுக்கு வழி என்பது மனப்பாடம். ஒழுகும் பானைக்கு மேலும் தண்ணீர் ஊற்றக்கூடாது என்பது அறிவு. இரண்டுக்கும் இடையே 306 உயிர்கள் ஊசலாடின.

எந்த என்ஜின்?

1989 ஜனவரி 8-ந் தேதி இங்கிலாந்தில் நடந்தது இன்னும் கொடுமை. கெக்வொர்த் என்ற ஊரருகே, 126 பேருடன் வந்த விமானத்தில் இடது என்ஜின் பழுதானது. விமானிகள் வலது என்ஜினை நிறுத்தினார்கள்!

ஏன்? விமானத்துக்குள் புகை வந்தது. விமானிக்குப் பழக்கமான பழைய ரக விமானத்தை வைத்து, புகை வலது என்ஜினில் இருந்து வருவதாக அவர் நினைத்தார். புதிய ரகத்தில் காற்றுக் குழாயின் அமைப்பு மாறியிருந்தது. வலது என்ஜினை நிறுத்தியதும் தற்செயலாகப் புகையும் குறைந்தது. நினைத்தது சரி என்று நம்பிவிட்டார்கள். இடது பக்கம் தீப்பொறி பறந்ததைப் பயணிகள் சிலர் கண்டார்கள். ஆனால் விமானிக்கு யாரும் சொல்லவில்லை. இறங்கும் நேரத்தில் இடது என்ஜினும் கைவிட்டது. 47 பேர் மாண்டார்கள்.

அரைகுறை அறிவு மட்டும் அல்ல. பழைய அறிவும் ஆபத்து.

அகமதாபாத்தில் நடந்தது

2025 ஜூன் 12-ந் தேதி அகமதாபாத்தில் ஏர் இந்தியா விமானம் விழுந்ததை யாரும் மறக்க முடியாது. விமானத்தில் 242 பேர். ஒருவர் மட்டுமே பிழைத்தார். தரையில் இருந்தவர்களையும் சேர்த்து 260 பேர் இறந்தார்கள்.

அடுத்த மாதம் முதற்கட்ட அறிக்கை வெளிவந்தது. விமானம் எழும்பிய சில விநாடிகளில், எண்ணெயை அனுமதிக்கும் இரண்டு ஸ்விட்சுகளும், ஒன்றன் பின் ஒன்றாக, நிறுத்தும் நிலைக்கு மாறியதாகக் கருவி பதிவு செய்திருந்தது. ஏன் நிறுத்தினாய் என்று ஒரு விமானி கேட்டதும், நான் நிறுத்தவில்லை என்று மற்றவர் சொன்னதும் பதிவாகி இருந்தது. அந்த அறிக்கை யார் மீதும் குற்றம் சாட்டவில்லை.

ஆனால், ஒரு உண்மையை அந்தத் துயரம் எல்லோருக்கும் காட்டியது. சுமார் 10 விநாடிகளில் ஸ்விட்சுகள் பழைய நிலைக்குத் திரும்பின. அப்படியும் பலிக்கவில்லை. ஜெட் என்ஜின், வீட்டு விளக்கு அல்ல. ஸ்விட்சைப் போட்டதும் எரிந்துவிடாது. மறுபடி பற்றி, சுழன்று, பலம் பெற நேரம் வேண்டும். நேரம் வேண்டுமானால் உயரம் வேண்டும். உயரம் அங்கே இல்லை.

நம் விமானிகள் பழகும் பாதை

இந்தியாவில் போர் விமானி ஆகப்போகிறவர், ஒரே என்ஜின் உள்ள பிலாட்டஸ் விமானத்தில் தொடங்குகிறார். பிறகு ஹாக் ஜெட் விமானம். அதற்கும் ஒரே என்ஜின்தான். அதன் பெயர் அடோர். ஜாகுவாரில் இருப்பதும் இதே அடோர் குடும்பத்து என்ஜின்தான். ஆனால் இரண்டு!

ஒரு குழந்தையை வளர்த்த தாய்க்கு இரட்டைக் குழந்தை பிறந்தால் வேலை இரண்டு மடங்கா? அதற்கும் மேல் அல்லவா! அழுவது எது என்று முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஜாகுவார், மிக்-29, தஞ்சாவூரில் நிற்கும் சுகோய்-30 எல்லாம் இரட்டை என்ஜின் விமானங்கள். போர் விமானத்துக்கு வந்த பிறகுதான் இளைஞர் இந்தக் கணக்கைப் பழகுகிறார். ஆகவே தரைப் பாடமும், பாவனை விமானத்தில் பழகும் நேரமும் அவருக்கு மிகவும் முக்கியம். பாவனை விமானத்தில் நூறு தடவை தவறு செய்யலாம். உயிர் போகாது.

ஆவடியின் பங்கு

ஆவடியில் உள்ள போர் ஊர்தி ஆராய்ச்சி நிலையம் என்றால் அர்ஜுன் டாங்கிதான் நினைவுக்கு வரும். அங்கே விமானச் சாமானும் உருவாகிறது என்பது பலருக்குத் தெரியாது. தேஜஸ் போர் விமானத்துக்கான பல்சக்கரப் பெட்டியை உருவாக்கியது இந்த நிலையம்தான். என்ஜினின் சுழற்சியை வாங்கி, பம்புகளுக்கும் மின்சார யந்திரத்துக்கும் கொடுப்பது அந்தப் பெட்டி. 2021-ல், ஆளில்லா விமானத்துக்கு மடக்கும் சக்கரத் தொகுதியையும், நீர்மூழ்கிக் கப்பலுக்கு 18 வகை வடிகட்டிகளையும் இதே நிலையம் செய்து கொடுத்தது. அவற்றில் எண்ணெய் வடிகட்டியும் உண்டு.

தேஜசுக்கு ஒரே என்ஜின். அது நின்றால் அந்தப் பெட்டிக்குச் சுழற்சி தர வேறு என்ஜின் கிடையாது. அதனால்தான் பெட்டியின் ஒவ்வொரு பல்லும் பிசகாமல் இருக்க வேண்டும். செய்கிறவரின் கவனம் ஒரு பாதுகாப்பு. ஓட்டுகிறவரின் அறிவு இன்னொரு பாதுகாப்பு. இந்த இரண்டும் சேர்ந்ததுதான் உண்மையான இரட்டை என்ஜின்.

விமானி ஆக வேண்டும் என்று ஆசைப்படும் பிள்ளை, ஆகாயத்தை அண்ணாந்து பார்த்தால் மட்டும் போதாது. தெருமுனை ஒர்க்ஷாப்பில் பிரித்துப் போட்ட என்ஜினையும் குனிந்து பார்க்க வேண்டும். எண்ணெய் எங்கே இருந்து வருகிறது, எங்கே போகிறது என்று கேட்க வேண்டும். பெரியவர்கள் பொறுமையாகப் பதில் சொல்ல வேண்டும். ஒருநாள் ஆகாயத்தில் அந்தப் பதில் ஓர் உயிரைக் காப்பாற்றும்.