தினம் ஒரு குடம் கன்றைக் காப்பாற்றாது

"கன்று வைத்தால் தினமும் ஒரு குடம் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஒரு நாள் தப்பினாலும் பட்டுப்போகும்." ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மாங்கன்றோ தென்னங்கன்றோ வாங்கிப் போகிறவர்களுக்கு இந்த அறிவுரை தவறாமல் கிடைக்கிறது. நட்ட முதல் ஓரிரு வாரத்துக்கு இது சரிதான். பையில் வளர்ந்த ஒட்டுக்கன்றின் வேர் அந்தப் பை மண்ணைத் தாண்டியிராது. அவ்வளவு மண் சீக்கிரம் காய்ந்துவிடும். ஆனால், அதையே ஆண்டு முழுவதுக்கும் விதியாக்குவது தவறு.

"இலை வாடினால் தண்ணீர் போதவில்லை" என்கிறார்கள். எப்போதும் அப்படியில்லை. வேருக்கும் மூச்சு வேண்டும். மண்ணில் நீர் தேங்கியே நின்றால் காற்றுக்கு இடமில்லாமல் வேர் அழுகும். அழுகிய வேர் நீரை உறிஞ்சாது. ஈர மண்ணில் நின்றபடியே கன்று வாடும். அதைப் பார்த்து இன்னொரு குடம் ஊற்றுகிறோம், கன்று போய்விடுகிறது. உச்சி வெயிலில் துவண்ட இலை சாயங்காலம் நிமிர்ந்துவிட்டால் கவலை வேண்டாம். விடிந்தும் வாடியே இருந்தால்தான் மண்ணைக் கிளறிப் பார்க்க வேண்டும்.

"கொஞ்சமாகத் தினமும் ஊற்றுவதே நல்லது" என்பது அடுத்த வாதம். ஒரு குடம் தண்ணீர் மேல்மண்ணை நனைத்துவிட்டு வெயிலில் ஆவியாகிவிடும். ஈரத்தைத் தேடி வேரும் மேலாகவே படரும். அதே தண்ணீரை மூன்று நாளுக்கு ஒருமுறை மூன்று குடமாக ஊற்றினால் ஆழத்துக்கு இறங்கும், வேரும் கூடவே இறங்கும். நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில்தான். சித்திரையில் கிணறு வற்றும்போது தாக்குப்பிடிப்பது ஆழ வேர்விட்ட கன்று. தண்ணீர் நிறையக் கேட்கும் தென்னைக்கே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் முதல் ஆண்டில் ஒருநாள் விட்டு ஒருநாளும், அதன்பின் வாரம் இருமுறையும்தான் பாசனம் சொல்கிறது.

"எல்லா நிலத்துக்கும் ஒரே கணக்கு" என்பதும் செல்லாது. மேற்கே மலையடிவாரச் செம்மண்ணில் ஊற்றிய நீர் விறுவிறுவென்று இறங்கிவிடும். கிழக்கே கரிசலில் மேலே காய்ந்து தெரிந்தாலும் உள்ளே ஈரம் நிற்கும். செம்மண் கணக்கில் கரிசலுக்கு ஊற்றினால் வேர் அழுகும்.

"மழையை விரும்பும் செடிக்குத் தண்ணீர் கூடினால் கெடுதல் இல்லை" என்பார்கள். நம் மலைத்தொடரிலேயே வடக்கே மேகமலையில் தேயிலை இருக்கிறது. தேயிலைக்கு மழை வேண்டும், ஆனால் தேங்கிய நீர் ஆகாது. அதனால்தான் தேயிலைத் தோட்டங்களில் வடிகால் வெட்டி உபரி நீரை வடியவிடுகிறார்கள்.

"தண்டை ஒட்டி ஊற்றினால்தான் வேருக்குப் போகும்" என்பதும் தவறு. நீர் உறிஞ்சும் இளவேர்கள் தண்டிலிருந்து விலகித்தான் இருக்கும். தூரில் ஈரம் நின்றால் பட்டை அழுகும். தூரைச் சுற்றி மண் அணைத்து, சற்றுத் தள்ளி வட்டப்பாத்தி கட்டி, அதில் தண்ணீர் விடுங்கள். பாத்தியில் சருகோ தேங்காய் உரிமட்டையோ பரப்பினால் ஈரம் இன்னும் சில நாள் நிற்கும்.

எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று மண்ணைத்தான் கேட்க வேண்டும். நான்கு விரல் ஆழத்தில் மண்ணை எடுத்துப் பிடித்துப் பாருங்கள். உருண்டை நின்றால் அன்று தண்ணீர் வேண்டாம், உதிர்ந்தால் நன்றாக நனையும்படி விடுங்கள்.