மூன்றாவது ஊசிக்கு ஒரு நாள் கூலி

அழகர்கோவிலுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமை போனாலும் பார்க்கலாம். பதினெட்டாம்படிக் கருப்பு சன்னதிப் பக்கம் மொட்டை போட்ட பிள்ளைகள், தாய்மாமன் மடியில் காது குத்திக்கொண்டு அலறும் பிள்ளைகள். மேலூர்ப் பக்கத்துச் சேரிகளிலிருந்து வரும் குடும்பங்களும் அதில் உண்டு. கடன் வாங்கி, வேன் பிடித்து, கிடா வெட்டி, நேர்ந்துகொண்டதைத் தவறாமல் செய்கிறவர்கள். இதே தாய்மார்களைப் பற்றித்தான், "இவங்களுக்குப் பிள்ளை மேல அக்கறை கிடையாது, ஊசிக்குக் கூப்பிட்டா வர மாட்டாங்க" என்று பேசுகிறார்கள். இந்தப் பேச்சைக் கூட்டங்களில் பல முறை கேட்டுவிட்டோம். இனியும் சும்மா கேட்டுக்கொண்டிருக்க முடியாது.

எந்த ஊசி? பிறந்து 6, 10, 14-வது வாரங்களில் போடும் பென்டாவேலன்ட். தொண்டை அடைப்பான், கக்குவான் இருமல், ரணஜன்னி, மஞ்சள் காமாலை பி ஆகிய நான்கோடு ஐந்தாவதாக ஹிப் என்கிற பாக்டீரியாவையும் தடுப்பது. முழுப்பெயர் ஹீமோஃபிலஸ் இன்ஃப்ளூயன்சே, பி வகை. பெயரைப் பார்த்து ஃப்ளூ காய்ச்சல் என்று நினைத்துவிடாதீர்கள். ஃப்ளூவுக்கு இதுதான் காரணம் என்று 1892-ல் ரிச்சர்ட் ஃபைஃபர் என்ற ஜெர்மானியர் தவறாக நினைத்தார். அவர் நினைத்தது பொய்த்தது, பெயர் மட்டும் ஒட்டிக்கொண்டது. இது மூக்கிலும் தொண்டையிலும் சத்தமில்லாமல் குடியிருக்கும். இருமலிலும் தும்மலிலும் பரவும். ஐந்து வயதுக்குள்ளான பிள்ளைகளின், அதிலும் ஒரு வயதை ஒட்டியவர்களின், நுரையீரலிலும் ரத்தத்திலும் மூளை உறையிலும் இறங்கினால் நிமோனியா, மூளைக்காய்ச்சல். பிழைத்த பிள்ளைகளில் பலருக்குக் காது கேட்காமல் போகிறது, வலிப்பு நிற்பதில்லை.

ஒற்றை அறை வீட்டில் ஏழு பேர், உள்ளேயே விறகடுப்புப் புகை, சத்துக்குறைவான பிள்ளை. இந்தக் கிருமிக்கு வேறென்ன வேண்டும்? சேரியின் இந்த நெருக்கடியை உண்டாக்கியது கிருமி அல்ல. ஊருக்கு வெளியே இவ்வளவு இடம்தான் என்று அளந்து கொடுத்தவர்கள் யார் என்பது உங்களுக்குத் தெரியும்.

இப்போது வரலாற்றைக் கொஞ்சம் பாருங்கள். அமெரிக்காவில் கைக்குழந்தைகளுக்கான ஹிப் தடுப்பூசி 1990-லேயே வந்துவிட்டது. ஆப்பிரிக்காவின் சின்னஞ்சிறு நாடான காம்பியா 1997-ல் எல்லாப் பிள்ளைகளுக்கும் போடத் தொடங்கியது. சில ஆண்டுகளிலேயே அங்கே ஹிப் நோய் ஏறக்குறைய இல்லாமல் போனது. இந்தியாவில் அரசு ஊசியாக அது வந்தது 2011 டிசம்பரில், முதலில் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும். அதற்குப் பல ஆண்டுகள் முன்பே தனியார் மருத்துவமனையில் காசு கொடுத்தால் கிடைத்தது. காசுள்ள வீட்டுப் பிள்ளைக்கு ஊசி, நம் பிள்ளைக்கு விபூதி.

இந்தத் தாமதத்தில் நம் பக்கத்து ஆட்களுக்கும் பங்குண்டு என்பதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். "ஹிப் நம் நாட்டில் அரிது, இது மருந்துக் கம்பெனிகளின் வியாபாரம்" என்று முற்போக்கான மருத்துவர்கள் சிலர் வாதிட்டார்கள். 2009-ல் டெல்லி உயர் நீதிமன்றத்தில் பொதுநல வழக்கும் போடப்பட்டது. கம்பெனி லாபத்தைக் கேள்வி கேட்டது சரி, அதில் நாங்களும் உடன்படுகிறோம். ஆனால் அரிது என்றது எப்படி? வேலூரில் நடந்த ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட ஒரு லட்சம் பிள்ளைகளில் ஆண்டுக்கு ஏழு பேருக்கு ஹிப் மூளைக்காய்ச்சல் என்று காட்டியது. அது பரிசோதனைக் கூடத்தில் கிருமி பிடிபட்ட கணக்கு மட்டும். மெடிக்கல் ஷாப்பில் வாங்கிய ஆன்டிபயாடிக்கைக் குடித்துவிட்டு வரும் பிள்ளையின் முதுகுத்தண்டு நீரில் கிருமி வளராது. ஹிப் நிமோனியாவோ ரத்தப் பரிசோதனையில் பெரும்பாலும் சிக்குவதே இல்லை. பெரியாஸ்பத்திரி வரைக்கும் வந்து சேராத பிள்ளை எந்தக் கணக்கிலும் இல்லை. எண்ணப்படாததை இல்லை என்று சொல்வது சாதியச் சமூகத்துக்குப் பழக்கமான வேலைதான். அதை நம் தோழர்களும் செய்தார்கள் என்பதுதான் வருத்தம்.

இன்னொரு கதை. 2008 ஏப்ரலில் திருவள்ளூர் மாவட்டத்தில் தட்டம்மை ஊசி போட்ட நான்கு குழந்தைகள் இறந்தன. அதன் பிறகு டாக்டர் இருக்கும் ஆரம்ப சுகாதார நிலையத்தில்தான் ஊசி போட வேண்டும் என்று மாநில அரசு முடிவெடுத்தது. துணை சுகாதார நிலையத்தில் நர்சம்மா போட்ட ஊசி தூரமானது. தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, எல்லா அடிப்படை ஊசிகளும் போட்டுக்கொண்ட பிள்ளைகள் 2005-06-ல் தமிழ்நாட்டில் 80.9 சதவீதம். 2015-16-ல் 69.7. அந்த முடிவு ஒன்றே காரணம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் ஊசியை நாலு கிலோமீட்டர் தள்ளி வைத்தால் பஸ் வராத காலனிதான் முதலில் விடுபடும் என்பதை யோசிக்கப் பெரிய படிப்பு தேவையில்லை. 2019-21-ல் அது 89.2 ஆக ஏறியது. இடையில் தாய்மார்களுக்கு அக்கறை போய்த் திரும்பி வந்ததா என்ன?

மீதிப் பத்து சதவீதம் எங்கே இருக்கிறது என்று தேடிப் போனால், எங்களுக்குக் கிடைக்கிற பதில் இப்படித்தான் இருக்கிறது: "மொத ஊசிக்கே ரெண்டு நாளு காய்ச்சல், தம்பி. பிள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருந்தா கஞ்சிக்கு என்ன செய்ய? நூறு நாள் வேலையில போட்டோ எடுக்கிற நேரத்துக்கு நிக்கலைன்னா அன்னைக்குக் கூலி போச்சு." காய்ச்சல் வரும், அது சாதாரணம், இந்த மருந்தை இவ்வளவு கொடு என்று அவளுக்கு யாரும் உட்கார்ந்து சொல்லவில்லை. நாள் தவறிப் போனதற்கு எல்லோர் முன்னாலும் திட்டு மட்டும் கிடைத்தது. ஊசி போடும் அங்கன்வாடி ஊர்த்தெருவில் இருந்தால் அந்த வாசலில் நிற்பதற்கும் அவள் யோசிக்க வேண்டும். இதற்குப் பெயர் விழிப்புணர்வு இல்லாமை என்றால், விழிக்க வேண்டியது யார்?

மேலவளவு இங்கிருந்து தூரமில்லை. 1997 ஜூன் 30-ல் ஊராட்சித் தலைவர் முருகேசன் உட்பட ஆறு பேர் வெட்டிக் கொல்லப்பட்டதை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம், நினைவுகூர வேண்டும். ஆனால் வெட்டுப்பட்ட உடலை எண்ணத் தெரிந்த நாம், எட்டு மாதத்தில் மூச்சிழுத்துச் செத்த பிள்ளையை "சளி முத்திப்போச்சு" என்று சொல்லிப் புதைத்துவிட்டு வந்துவிடுகிறோம். அந்தச் சாவுக்கு நம்மிடம் துண்டறிக்கை இல்லை, ஆர்ப்பாட்டம் இல்லை.

கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது. ஊசி முகாம் காலனிக்குள் நடக்க வேண்டும். ஊசி நாளுக்கும் மறுநாளுக்கும் தாய்க்குக் கூலி கிடைக்க வேண்டும். காலியாகக் கிடக்கும் கிராம செவிலியர் பணியிடங்களை நிரப்ப வேண்டும். இதற்கெல்லாம் மனு எழுதுவோம், மறியலும் செய்வோம்.

அதற்கு முன் ஒன்று. அடுத்த முறை காலனிக்குள் போகும்போது தாய் சேய் நல அட்டையை வாங்கிப் பாருங்கள். 14-வது வாரக் கட்டம் காலியாக இருந்தால், காலம் கடந்துவிட்டது என்று யாராவது சொன்னாலும் நம்பாதீர்கள். ஒரு வயதுக்குள் முதல் ஊசி போட்டிருந்தால் மீதியைப் பிறகும் போட்டு முடிக்கலாம், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. புதன்கிழமை ஊசி நாள். அந்த அம்மாவோடு நீங்களும் போய் நில்லுங்கள்.