காமராவின் சாட்சியம் யாருக்கு?

சென்னைத் துறைமுகத்தின் ஜீரோ கேட்டைத் தொட்டு, காசிமேடு, திருவொற்றியூர் வழியாக எண்ணூர் வரையில் கடலோரமாகச் செல்லும் சாலையைப் பற்றி வாசகர்களுக்கு நாம் அதிகம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. கண்டெய்னர் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாய் அணிவகுத்து நிற்பதும், அவை நகரத் தொடங்கியதும் அவற்றின் இடுக்குகளில் மோட்டார் சைக்கிள்களும், மீன்கூடை ஏற்றிய ஆட்டோக்களும், வேலைக்குச் செல்லும் ஸ்திரீகளும் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஊர்ந்து செல்வதும் அங்கே அன்றாடக் காட்சி. இதில் ஒரு வினோதமும் உண்டு. 1948-ல் அசோக் மோட்டார்ஸ் என்று ஸ்தாபிக்கப்பட்டுப் பின்னர் அசோக் லேலண்டாக மாறிய கம்பெனி எண்ணூரிலே லாரி செய்தது. 1955-ல் தோன்றிய என்பீல்டு இந்தியா கம்பெனி திருவொற்றியூரிலே மோட்டார் சைக்கிள் செய்தது. இரண்டும் ஒரே கரையில் பிறந்தவை. பக்கத்தில் பக்கத்தில் செல்ல மட்டும் அவற்றுக்கு அங்கே போதிய இடமில்லை.

அண்மையில் இச்சாலைக்கு ஒரு புதிய சாட்சி வந்திருக்கிறது. வண்டியின் முன் கண்ணாடியில் ஒட்டிவைக்கும் சிறிய காமரா அது. டாஷ்காம் என்று அதற்குப் பெயர். வண்டி ஓடும் நேரமெல்லாம் முன்னே தெரிவதை அது படம் பிடித்துக்கொண்டே வரும். விபத்து நேர்ந்தால் இன்ஷியூரன்ஸ் கம்பெனியாரிடத்திலும் கோர்ட்டிலும் காட்டலாம் என்று லாரி முதலாளிகளும் கார் வைத்திருப்போரும் இதை வாங்கிப் பொருத்துகின்றனர். எண்ணம் தவறானதன்று. மனிதன் மறப்பான், பயப்படுவான், சில சமயம் காசுக்கும் பேசுவான். காமராவுக்கு அந்தக் குறைகள் கிடையா. ஆனால் இந்தச் சாட்சி யாருடைய வீட்டில் குடியிருக்கிறது என்பதை ஜனங்கள் கவனிக்க வேண்டும். அது லாரி முதலாளியின் வசத்தில் இருக்கிறது. நஷ்ட ஈட்டு வழக்கிலோ அவர்தாம் எதிர்க்கட்சிக்காரர்.

மோட்டாரில் அடிபட்டவனுக்கு நஷ்ட ஈடு கிடைக்க இத்தேசத்தில் சட்டம் செய்யப்பட்டது 1939-ல். அதில் கண்ட கட்டாய இன்ஷியூரன்ஸ் ஷரத்துக்களை அமுலுக்குக் கொண்டுவர அந்நிய சர்க்காருக்கு 1946-ம் வருஷம் ஜூலை மாதம் வரையில் அவகாசம் வேண்டியிருந்தது. பிறகு 1956-ம் வருஷத்துத் திருத்தம் இவ்வழக்குகளை விசாரிக்கத் தனி டிரிபியூனலை ஏற்படுத்தியது. சென்னை நகரத்தில் ஸ்மால் காஸ் கோர்ட்டாரே அவ்வேலையைப் பார்க்கின்றனர். இப்போது நடப்பது 1988-ம் வருஷத்துச் சட்டம். கிரிமினல் வழக்கைப் போல் சந்தேகத்துக்கு இடமின்றிக் குற்றத்தை ருஜுப்படுத்த வேண்டியதில்லை என்றும், எது நடந்திருக்கக்கூடும் என்று நிறுத்துப் பார்த்துத் தீர்மானித்தால் போதுமென்றும் ஸுப்ரீம் கோர்ட்டு 2009-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. கண்ணால் கண்டவர்கள் கோர்ட்டுக்கு வர அஞ்சும் நாட்டில் இது பெரிய உதவி.

ஆனால் தகராறு வேறோரிடத்தில் மூளுகிறது. லாரி மோதியது உண்மைதான், ஆனால் செத்தவன் மீதும் பாதிக் குற்றம் இருக்கிறது என்று கம்பெனி வக்கீல் எழுந்து சொல்வார். இந்த ஒரு வாக்கியத்தின் விலை என்ன என்பதைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மாதம் 15,000 ரூபாய் சம்பாதிக்கும் முப்பது வயதுக் கூலியாள் ஒருவன், மனைவியையும் இரு குழந்தைகளையும் விட்டு இறக்கிறான் என்று வைத்துக்கொள்வோம். வருஷ வரும்படி 1,80,000 ரூபாய். ஸுப்ரீம் கோர்ட்டு 2009-லும் 2017-லும் வகுத்த முறைப்படி, வருங்கால உயர்வுக்காக நூற்றுக்கு 40 கூட்டினால் 2,52,000. அவனுடைய சொந்தச் செலவுக்கு மூன்றில் ஒரு பங்கைக் கழித்தால் 1,68,000. அவன் வயதுக்குரிய 17-ஆல் பெருக்கினால் 28,56,000 ரூபாய். அவன் மீது நூற்றுக்கு 30 பங்கு குற்றம் என்று தீர்ப்பானால் 8,56,800 ரூபாய் அப்படியே போய்விடும். சில விநாடி நேரத்துப் படம் ஒன்று இத்தொகையைக் கொடுக்கவும் செய்யலாம், பறிக்கவும் செய்யலாம்.

கம்பெனியார் பக்கத்திலும் நியாயம் இல்லாமலில்லை. மோதாத வண்டியை மோதியதாகக் காட்டியும், இன்ஷியூரன்ஸ் இல்லாத வண்டிக்குப் பதிலாக இருக்கும் வண்டியின் நம்பரை எழுதியும் பணம் பறிப்போர் உண்டு. உத்தரப் பிரதேசத்தில் இவ்விதம் புகுந்த பொய் வழக்குகளைப் பற்றி ஸுப்ரீம் கோர்ட்டே 2021-ல் கடுமையாகப் பேசியது. ருஷ்யாவில் ஓட்டுவோர் பெரும்பாலும் இத்தகைய மோசடிகளுக்குப் பயந்தே வண்டிதோறும் காமரா வைத்துக்கொண்டார்கள். 2013-ம் வருஷம் பிப்ரவரி மாதத்தில் செல்யாபின்ஸ்க் நகரின் மேல் விண்கல் வெடித்ததை உலகம் கண்டதும் பெரும்பாலும் அந்தக் கார்க் காமராக்களின் தயவினாலேதான். ஜெர்மனியில் எதிரில் வருவோரையெல்லாம் ஓயாமல் படம் பிடிப்பது அந்தரங்கப் பாதுகாப்புச் சட்டத்துக்கு விரோதம் என்றே அந்நாட்டு உயர்ந்த கோர்ட்டு 2018-ம் வருஷம் மே மாதத்தில் கூறியது. ஆயினும் விபத்து வழக்கில் உண்மையை அறிய அந்தப் படத்தைப் பார்க்கலாம் என்று அதே தீர்ப்பில் அனுமதித்தது. படம் எடுத்த முறை ஒன்று, அதைச் சாட்சியமாக ஏற்பது வேறு என்ற இந்தப் பாகுபாடு நமக்கும் பொருந்தும்.

இனி, நம் சாலையில் இக்காமரா எதைப் பார்க்கிறது, எதைப் பாராது விடுகிறது என்பதைச் சொல்ல வேண்டும். நீண்ட டிரெய்லர் இடப்புறம் திரும்புகையில் முன் சக்கரம் சென்ற வழியே பின் சக்கரம் செல்லாது. உட்புறமாக வெட்டிக்கொண்டு வரும். நம் நாட்டில் டிரைவர் வலப்புறத்தில் உட்காருகிறபடியால் இடப்புறம் அவருக்குச் சரியாகத் தெரியாது. அந்த மறைவில்தான் மோட்டார் சைக்கிள்காரன் அகப்பட்டுக்கொள்கிறான். காமராவோ முன் கண்ணாடியில் இருந்து முன்னே மட்டும் பார்க்கிறது. பின் சக்கரத்தின் கீழ் ஓர் உயிர் போய்க்கொண்டிருக்கையில், அதன் படத்தில் தெளிவான சாலையும் நிதானமான ஓட்டமும் மட்டுமே தெரியும். அந்தப் படம் பொய்யன்று. ஆனால் அதைப் பார்த்துவிட்டு டிரைவர் ஜாக்கிரதையாகவே ஓட்டியிருக்கிறார் என்று தீர்மானித்தால் அத்தீர்மானம் பொய்யாகிவிடும். அகலக் கோண லென்சு தூரத்தை அதிகமாகக் காட்டும் என்பதும், காமராவின் கடிகாரம் தப்பாக வைக்கப்பட்டிருக்கலாம் என்பதும் டிரிபியூனல் மனத்தில் வைக்க வேண்டிய வேறு சங்கதிகள்.

இதைவிட மோசமானது ஒன்றுண்டு. இக்காமராவில் உள்ள சிறிய கார்டு நிறைந்ததும், பழைய படத்தை அழித்து அதன் மேலேயே புதியது பதியும். நிமிஷத்துக்கு ஏறக்குறைய 100 மெகாபைட் என்று வைத்தால், 64 ஜிகாபைட் கார்டு பத்து அல்லது பதினோரு மணி நேர ஓட்டத்தில் நிறைந்துவிடும். மோதல் அதிர்ச்சி உண்டானால் அந்தத் துண்டை அழியாமல் காமரா தானே பூட்டிவைக்கும் என்பார்கள். காருக்குக் கார் மோதினால் அது மெய்யாகலாம். பல டன் பாரத்தோடு செல்லும் டிரெய்லரின் பின் சக்கரத்தில் ஒரு சைக்கிள் சிக்கினால் முன் கண்ணாடியில் என்ன அதிர்ச்சி தெரியப்போகிறது? லாரி மறுநாள் மறுபடி லோடு ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் சாட்சியம் தானாகவே அழிந்து போகும். யாரும் அழித்ததாகச் சொல்லவும் முடியாது.

படம் பிழைத்திருந்தாலும் ஏழைக்கு அடுத்த தடை காத்திருக்கிறது. 2024-ம் வருஷம் ஜூலை முதல் தேதி அமுலுக்கு வந்த பாரதீய சாக்ஷ்ய அதிநியமத்தின் 63-வது பிரிவுப்படி, எலெக்ட்ரானிக் பதிவோடு ஓர் அத்தாட்சிப் பத்திரமும் சேர்க்க வேண்டும். அதன் முதற் பகுதியில் பதிவைத் தாக்கல் செய்பவரும், இரண்டாம் பகுதியில் நிபுணரும் கையொப்பமிட வேண்டும். பைலின் கைரேகை என்று சொல்லத்தக்க ஹாஷ் எண்ணையும் குறிக்க வேண்டும். கருவி லாரி முதலாளியிடம் இருக்க, காசிமேட்டு விதவை அதற்கு அத்தாட்சி எங்கே போய் வாங்குவாள்? பழைய சட்டத்தின் கீழ் இதே கேள்வி எழுந்தபோது ஸுப்ரீம் கோர்ட்டு 2020-ல் ஒரு வழி காட்டியது. பதிவை வைத்திருப்பவர் அத்தாட்சி தர மறுத்தால் கோர்ட்டு மூலம் கேட்கலாம்; தம்மால் ஆனதனைத்தும் செய்த பின்பும் கிடைக்காவிட்டால் அக்குறைக்காக அவரைத் தண்டிக்கலாகாது என்பது அதன் சாரம். விபத்து டிரிபியூனல்கள் இத்தீர்ப்பைத் தாராளமாகக் கையாள வேண்டும். 169-வது பிரிவு அவற்றுக்குச் சுருக்க விசாரணை முறையையும், தஸ்தாவேஜுகளைக் கொண்டுவரச் செய்யும் சிவில் கோர்ட்டு அதிகாரத்தையும் கொடுத்திருக்கிறது.

படம் முதலாளிக்குச் சாதகமாயிருந்தால் முதல் வாய்தாவிலேயே கோர்ட்டில் வந்துவிடும். பாதகமாயிருந்தால் காமரா ரிப்பேர் என்ற பதில் வரும். வைத்திருந்தும் காட்டாத சாட்சியம் காட்டாதவருக்கு விரோதமானதே என்று ஊகிக்கச் சட்டம் இடம் தருகிறது. காசி நகரத்து ஹோட்டல் ஒன்றில் நேர்ந்த மரணத்தைப் பற்றிய வழக்கில், ஹோட்டல் காமராப் பதிவைப் போலீஸார் கொண்டுவராததை ஸுப்ரீம் கோர்ட்டு 2015-ல் இவ்விதமே அவர்களுக்கு எதிராக எடுத்துக்கொண்டது. லாரியில் காமரா இருந்ததென்று ருஜுவானால், படம் எங்கே என்று சொல்லும் பாரம் முதலாளியையே சேர வேண்டும். டிரைவருக்கும் இது நன்மை. விபத்து நேர்ந்தவுடன் கூட்டத்தாரிடம் அடிபடுகிறவரும், போலீஸ் ஸ்டேஷனில் உட்காருகிறவரும் அவர்தாம். தம்மைக் காப்பாற்றக்கூடிய படத்தையோ, தாம் எத்தனை மணி நேரம் தூக்கமின்றி ஓட்டினார் என்பதைக் காட்டும் படத்தையோ எடுத்துக்கொள்ளும் உரிமை அவருக்கும் இல்லை.

போலீஸார் செய்ய வேண்டியது அதிகமில்லை. சீக்கிரம் செய்ய வேண்டும், அவ்வளவே. 2022-ம் வருஷம் ஏப்ரல் முதல் அமுலிலுள்ள விதிகளின்படி விபத்து நடந்த 48 மணி நேரத்துக்குள் முதல் விபத்து அறிக்கையை அவர்கள் டிரிபியூனலுக்கு அனுப்ப வேண்டும். மேற்கண்ட கார்டின் கணக்கைப் பார்த்தால் 48 மணி நேரமே அதிகம். வண்டியைப் பிடித்த அன்றே கார்டை எடுத்து முத்திரையிட்டு, ஹாஷ் எண்ணை மகஜரில் எழுதிவிட வேண்டும். எலெக்ட்ரானிக் சாட்சியம் உள்ள கருவியை எழுத்து மூலம் உத்தரவிட்டு வரவழைக்க, புதிய கிரிமினல் நடைமுறைச் சட்டத்தின் 94-வது பிரிவு ஸ்டேஷன் அதிகாரிக்கே அதிகாரம் அளிக்கிறது. சர்க்காருக்குச் சொந்தமான நான்கு பொது இன்ஷியூரன்ஸ் கம்பெனிகளேனும், தங்கள் கைக்கு வரும் படத்தின் முழுப் பிரதியை வெட்டாமல் எதிர்த்தரப்பாருக்கும் கொடுக்க வேண்டும். அவை ஜனங்களுடைய முதலில் நடப்பவை.

கடைசியாக, இவ்வட்டாரத்துக்கே உரிய ஒரு வழியை நாம் சுட்டிக்காட்ட விரும்புகிறோம். மோதிய லாரியின் காமரா இடப்புறத்தையும் பின் சக்கரத்தையும் பாராது என்றோம். வரிசையில் அதற்குப் பின்னால் வரும் லாரியின் காமரா அவ்விரண்டையும் நேர் எதிரில் பார்க்கிறது. அதன் முதலாளி வழக்கில் கட்சிக்காரர் அல்லர். இருவரில் எவர் தோற்றாலும் அவருக்கு நஷ்டமில்லை. மோதிவிட்டு ஓடிய வண்டியின் நம்பரும் அதில் இருக்கக்கூடும். அந்நம்பர் கிடைக்காவிட்டால் இறந்தவர் குடும்பத்துக்கு 2022-ம் வருஷத்துத் திட்டத்தின் கீழ் 2 லட்சம் ரூபாயும், படுகாயமுற்றவருக்கு 50,000 ரூபாயும்தான் கிடைக்கும். கிடைத்தால் முன் சொன்ன கணக்கு நடக்கும். பின்னால் வந்த லாரி எது என்று தேடுவதும் கடினமன்று. எந்த வண்டி எந்த நேரத்தில் நுழைந்தது என்ற பதிவு துறைமுக வாசலிலே இருக்கிறது. விபத்து நடந்த இரவே ஒரு சப் இன்ஸ்பெக்டரை அந்த வாசலுக்கு அனுப்பி, முன்னும் பின்னும் வந்த பத்து லாரிகளின் நம்பரை எழுதிவரச் செய்யும்படி நகரப் போலீஸ் கமிஷனர் உத்தரவிடலாம். அதற்குப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை.