நம் வீடுதானே?

கிணத்துக்கடவில் எங்கள் அப்பாரு கட்டிய லைன் வீடுகள் மூன்று. கடைசி வீட்டில் குடியிருந்தவர், எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் வேறொரு குடும்பத்தை உள்வாடகைக்கு வைத்துவிட்டுப் பொள்ளாச்சிப் பக்கம் போய்விட்டார். வாடகை நின்றுபோகவே கேட்கச் சென்ற அப்பத்தாவுக்குக் கதவைத் திறந்தவர் முன்பின் தெரியாத ஒரு பெண். "அட்வான்சும் வாடகையும் அவருகிட்டயே கொடுத்துட்டோமுங்களே" என்றாராம்.

சித்தப்பா கொதித்தார். "பியூஸ் கட்டையைப் பிடுங்கு. சாமானைத் தூக்கி வெளிய வை. நம்ம ஊட்டுக்கு எவனைக் கேக்கோணும்?" உறவினர் அனைவரும் ஆமோதித்தனர். நான் ஒருவன்தான் ஒப்பவில்லை. படித்த திமிர் என்றார்கள். இருக்கட்டும்!

ஸ்பெசிபிக் ரிலீப் சட்டம் என்று வக்கீல்கள் சொல்லும் 1963ஆம் ஆண்டுச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, சட்டப்படியான நடவடிக்கை இன்றி வெளியேற்றப்பட்டவர் ஆறு மாதத்துக்குள் வழக்கிட்டு அனுபவத்தைத் திரும்பப் பெறலாம் என்கிறது. வீடு யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி அங்கே எழாது. சித்தப்பாவின் வீரம் எங்களையே குற்றவாளிக் கூண்டுக்கு அருகில் கொண்டுபோய் நிறுத்தியிருக்கும்.

உரிமையாளருக்கு வழியே இல்லையா? உண்டு. எழுத்து மூலமான சம்மதமின்றி உள்வாடகைக்கு விடுவது, 1960ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்திலேயே வெளியேற்றத்துக்கு உரிய காரணம். அதற்குப் பதிலாக 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த 2017ஆம் ஆண்டுச் சட்டத்திலும் அப்படியே. ஆனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்கவேண்டும், வாடகை அதிகாரியிடம் பதியவேண்டும் என்கிறது புதிய சட்டம். எங்கள் வீட்டிலோ அப்பாரு காலம் தொட்டு எல்லாம் வாய்ச்சொல்தான். "நல்ல மனுசன், எழுதி வாங்கினா நல்லாவா இருக்கும்?" என்பார் அப்பத்தா. முதல் தவறு எங்களுடையது என்பதே என் கருத்து.

ஏமாந்தவர்கள் நாங்கள் மட்டுமா? அட்வான்ஸ் கொடுத்து ரசீது இல்லாமல் நிற்கும் அந்தக் குடும்பமும்தான். அவர்கள் பாத்திரம் பண்டங்களை வீதியில் எறிந்தால் பணத்தோடு போனவருக்கு என்ன நஷ்டம்? அதே சமயம், "மனு முடியற வரைக்கும் ஆத்தாளோட மருந்துச் செலவுக்கு நீ குடுக்கறயா?" என்று சித்தப்பா கேட்டபோது நான் தலைகுனிந்தேன்.

இப்போது வக்கீல் மூலம் இருவருக்கும் நோட்டீஸ் அனுப்பியிருக்கிறோம். அந்தப் பெண்ணும் தாம் கொடுத்த பணத்தின் விவரத்தை எழுதிக் கையொப்பமிட்டுத் தந்திருக்கிறார்.

அறை எடுத்துத் தங்கும் நண்பர்களுக்கு ஒன்று. தேர்வு முடிந்ததும் உரிமையாளரைக் கேளாமல் சாவியை ஜூனியர்களிடம் கொடுத்து, அட்வான்சையும் அவர்களிடமே வாங்கிக்கொண்டு ஊருக்குப் பஸ் ஏறுகிறோமே, பொள்ளாச்சிக்குப் போனவர் செய்ததும் அதைத்தான்.