உசாவாமல் ஒறுப்பதா?

கோவலனைக் கள்வன் என்று தீர்த்தது எந்த மன்றம்? பொற்கொல்லன் ஒருவனின் சொல்லே தீர்த்தது. அச்சொல்லை உசாவாமல் ஏற்றான் பாண்டியன், கொலைக்கு ஆணையிட்டான். தன் பிழை உணர்ந்ததும் அரியணையிலேயே உயிர் துறந்தான். இன்றைய ஆட்சியாளரும் உசாவாமல் ஒறுக்கின்றனர். ஆனால், பிழை வெளிப்பட்ட பின்னும் அரியணையில் அமர்ந்தபடியே மேல்முறையீடு செய்கின்றனர்!

அரசுப் பணியாளர் ஆளுநரின் விருப்பம் உள்ளவரையே பணியிலிருப்பர் என்கின்றது அரசமைப்புச் சட்டத்தின் 310-ஆம் பிரிவு. இது வெள்ளையராட்சி விட்டுச் சென்ற எச்சம். அவ்விருப்பத்திற்கு இடப்பட்ட கடிவாளமே 311-ஆம் பிரிவு. குற்றச்சாட்டைத் தெரிவித்து, மறுமொழி கூறத் தக்க வாய்ப்பளித்து, உசாவிய பின்னரே ஒருவரைப் பணியினின்று நீக்கவோ தாழ்த்தவோ வேண்டும் என்பதே அதன் உயிர். ஆயின், அப்பிரிவிலேயே மூன்று விலக்குகளும் உள. குற்றவழக்கில் ஒறுக்கப்பட்டவர்க்கு உசாவல் வேண்டா. உசாவல் நடத்த இயலாது என்று கரணியம் எழுதினால் வேண்டா. நாட்டுப் பாதுகாப்பு என்றாலும் வேண்டா. முதலாவதேனும் ஒரு மன்றத்தின் தீர்ப்பைச் சார்ந்தது. ஏனைய இரண்டும் ஆள்வோர் எழுத்தையே சார்ந்தவை. 1985-இல் துளசிராம் படேல் வழக்கில் உச்சநெறிமன்றம் இவ்விலக்குகள் செல்லும் என்றது. எழுதிய கரணியத்தை மன்றம் பின்னர் ஆராயலாம் என்பது மெய்யே. ஆனால், அதற்குள் பணி போயிருக்கும், அடுப்பும் அணைந்திருக்கும்.

2003-ஆம் ஆண்டைத் தமிழகம் மறந்திருக்காது. ஓய்வூதிய உரிமைகள் குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசுப் பணியாளரும் ஆசிரியரும் சூலைத் திங்கள் தொடக்கத்தில் வேலைநிறுத்தம் செய்தனர். டெசுமா என்று மக்கள் அறிந்த இன்றியமையாப் பணிகள் சட்டத்தை அரசு கடுமையாக்கியது. ஏறத்தாழ 1,70,000 பேர் உசாவலின்றி நீக்கப்பட்டனர். உயர்நெறிமன்ற ஆயமோ, முதலில் தீர்ப்பாயத்திற்குச் செல்க என்றது. அத்தீர்ப்பாயத்தில் அப்போது இருந்தவர் ஒரே ஓர் உறுப்பினர்! அத்தனை ஆயிரவர்க்கு அங்கு முறை கிடைக்காது என்பதை உச்சநெறிமன்றமே ஒப்புக்கொண்டது. வரம்பற்ற மன்னிப்பு எழுதிக் கொடுத்த பின்னரே பெரும்பாலோர் மீண்டும் பணியேற்றனர். தளையிடப்பட்டோர்க்கும் குற்றப்பதிவுக்கு உள்ளானோர்க்கும் அதுவும் இல்லை. அத்தோடு, வேலைநிறுத்தம் செய்யப் பணியாளர்க்கு உரிமையே இல்லை என்றும் அவ்வாண்டு ஆகத்து 6-இல் தீர்ப்பு வந்தது. உசாவலின்றி ஒறுத்தவர் எவரிடமும் மன்னிப்புக் கேட்டதாகச் செய்தியில்லை.

தனியொருவர்மேல் பாயும் ஒழுங்கு நடவடிக்கையும் இவ்வாறே. அங்குக் காலமே ஒறுப்பாகின்றது. 1990-இல் நடந்ததாகச் சொல்லப்பட்ட முறைகேட்டிற்குத் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியப் பொறியாளர் ஒருவர்க்கு 2000-இல் குற்றச்சாட்டுக் குறிப்பாணை தரப்பட்டது. பத்தாண்டுச் சுணக்கத்திற்குத் தக்க விளக்கம் இல்லையென்று 2005-இல் உச்சநெறிமன்றம் அதனை நீக்கியது. உசாவல் அறிக்கையின் படியைக் குற்றஞ்சாட்டப்பட்டவர்க்குக் கொடுத்தாக வேண்டும் என்பதற்கே 1993-இல் அரசமைப்பு ஆயம் கூடித் தீர்ப்புரைக்க வேண்டியதாயிற்று. குற்றச்சாட்டே தராமல் மூன்று திங்களுக்கு மேல் இடைநீக்கத்தில் வைத்தலாகாது என்பதற்கு 2015-ஆம் ஆண்டுத் தீர்ப்பு வேண்டியிருந்தது.

'இவையெல்லாம் கையூட்டுப் பேர்வழிகளைக் காக்கும் வேலிகள்' என்பர் சிலர். அன்று! கயவனைக் காப்பது உசாவலன்று, அரைகுறை உசாவலே. நெறிமுறை பிறழ்ந்த ஆணை மன்றத்தில் உடைகின்றது. உண்மைக் குற்றவாளியும் அவ்வுடைப்பின் வழியே தப்புகின்றான். நேர்மையாளனோ, மேலிடத்திற்கு இணங்காமையால் குறிப்பாணை பெற்று, பிழைப்பூதியத்தில் காலந்தள்ளுகின்றான். மன்றமோ சான்றுகளை மீண்டும் எடைபோடாது. முறை வழுவாமல் நடந்ததா என்று மட்டுமே பார்க்கும். 1995-இல் உச்சநெறிமன்றம் இதனைத் தெளிவுறக் கூறியது. எனவே, உண்மை ஆராயப்படும் ஒரே இடம் துறைசார் உசாவலே. அதுவே நாடகமானால் அப்பால் ஏது புகலிடம்?

இன்னொரு கொடுமையும் உண்டு. கடைநிலைப் பணியாளர் தமிழில் விளக்கம் எழுதுகின்றார். சான்றாளர் தமிழில் மொழிகின்றனர். வழக்கு உயர்நெறிமன்றம் ஏறியதும் அவர் வாழ்வைப் பற்றிய உரை அனைத்தும் ஆங்கிலமாகி விடுகின்றது. தம் வழக்கில் தாமே செவிடராய் நிற்கின்றார். உயர்நெறிமன்றத்தில் தமிழ் வேண்டுமென்று 2006-இல் தமிழகச் சட்டமன்றம் தீர்மானம் இயற்றியும் ஒப்புதல் கிட்டவில்லை.

வேண்டுவன சிலவே. குற்றஞ்சாட்டும் துறைக்குக் கட்டுப்படாத உசாவல் அலுவலர்; ஒவ்வொரு படிக்கும் கால வரம்பு; தவறாத பிழைப்பூதியம்; தொடக்கம் முதல் இறுதித் தீர்ப்பு வரை தமிழ். இவை இரவலாய்க் கேட்கும் பரிசில் அல்ல, உரிமை. தன் பணியாளனையே உசாவாமல் ஒறுக்கும் அரசு, பணியும் பதவியும் இல்லாப் பொதுமகனை எவ்வாறு நடத்தும் என்பதைத் தமிழர் எண்ணிப் பார்க்கட்டும்!